பழைய லேண்ட் ரோவருக்கு எந்த டயர், எந்த கியர்? மைலேஜ் கூட்ட நினைக்கும் டர்பன்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரியப்பா காலமான பிறகு டொங்காட் வீட்டுக் கொட்டகையில் நின்ற 1976 மாடல் சீரீஸ் 3 லேண்ட் ரோவர் என்னிடம் வந்தது. 88 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்), 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கரும்புத் தோட்டத்தில் ஓடித் தேய்ந்த வண்டி. 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடித்தது. அதைக் குறைக்க நான் செய்த முதல் இரண்டு வேலைகளும் தவறாகி, பதினான்கு மாதமும் ஏறத்தாழ 16,000 ராண்டும் போயின. இப்போது அதே வண்டி 15.1 லிட்டரில் ஓடுகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இப்படி ஒரு வண்டியை அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதிலை நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் பேப்பரைச் சரிசெய்யுங்கள்

வண்டி இன்னும் இறந்தவர் பெயரில் இருந்தால் டயர் வாங்கப் போக வேண்டாம். சொத்தின் மொத்த மதிப்பு 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் அதிகாரக் கடிதம் ஒன்று தரும். அதற்கு மேல் போனால் எக்ஸிக்யூட்டர் நியமனக் கடிதம் வேண்டும். அதோடு ஆர்சி1 என்ற பதிவுச் சான்று, இறப்புச் சான்று, உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தரும் ரோட்வொர்த்தி சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டுபோய்ப் பெயர் மாற்ற வேண்டும்.

ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். மாஸ்டர் அலுவலகக் கடிதம் கைக்கு வருமுன் சோதனைக்குப் போனால் அந்த 60 நாள் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆகி, இரண்டாம் முறை பணம் கட்டினேன். கடிதம் வந்த பிறகு சோதனைக்குப் போங்கள்.

அந்தச் சோதனையில் டயரையும் பார்ப்பார்கள். டயரின் முழு அகலத்திலும் பூவின் (பள்ளமும் மேடுமான மேற்பரப்பின்) ஆழம் குறைந்தது 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய கிராஸ்பிளை என்று போடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர்களில் ஸ்டெப்னியை மாட்டி அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பதால் இது அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம்.

2. வண்டியில் என்ன ரேஷியோ இருக்கிறது என்று நீங்களே எண்ணுங்கள்

ஆக்சிலின் நடுவில் இருப்பது டிஃப் (டிஃபரன்ஷியல்). சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டான ப்ரொப் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே அதன் ரேஷியோ. தொழிற்சாலையிலிருந்து வந்த சீரீஸ் வண்டியில் அது 4.7. ஆனால் ஐம்பது வருட வண்டியில் யார் என்ன மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எண்ணுவது எளிது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒருவர் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றட்டும், இன்னொருவர் ப்ரொப் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு எத்தனை சுற்று என்று எண்ணட்டும். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.7, மூன்றரைக்குச் சற்று மேல் வந்தால் 3.54.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எண்ணினால், அந்தச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் இதே கணக்கு வரும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் பாதிதான் கிடைக்கும், தவறான முடிவுக்குப் போவீர்கள்.

இந்த இடத்தில் உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் (கியர்பாக்ஸுக்குப் பின்னால், விசையை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டியின்) பின்புறத்தில் ப்ரொப் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய உடனே அந்தப் பிடிக்குப் பலன் இல்லை. தூக்கிய சக்கரம் சும்மா சுழல, வண்டி உருண்டுவிடும். சாட்ஸ்வொர்த்தின் சரிவான டிரைவ்வேக்களில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். சமதரை, நாலு கட்டை, இரண்டு ஸ்டாண்ட் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முன் ஆக்சிலையும் இதே போல எண்ணுங்கள். முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஹப் இருந்தால் அதை லாக் செய்து எண்ண வேண்டும். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்பது 6ஆம் படியில் தெரியும்.

3. ஒரே சாலையில், ஒரே பம்ப்பில் அளவெடுங்கள்

நான் சாட்ஸ்வொர்த்திலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறி, ஹில்டன் வரை போய்த் திரும்புவதைச் சோதனையாக வைத்துக்கொண்டேன். ஜிபிஎஸ்ஸில் 176 கிலோமீட்டர். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம் என்பதால் கணக்கு நேராகிவிடும். 45 லிட்டர் டாங்க்கில் இடையில் நிரப்பாமல் போய்வரலாம். திரும்பி வந்ததும் அதே பம்ப்பில், வண்டி அதே திசையைப் பார்த்து நிற்க, நாசில் முதல் முறை தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். காற்று இல்லாத காலை நேரம் நல்லது.

தூரத்தை வண்டியின் மீட்டரில் பார்க்காதீர்கள், ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். டயரைப் பெரிதாக்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும். என் அகல டயர் நாளில் மீட்டர் 161 காட்டியது, உண்மையில் ஓடியது 176. குடித்தது 34 லிட்டர். மீட்டரை நம்பினால் 100 கிலோமீட்டருக்கு 21 லிட்டர், உண்மையில் 19.3. வீட்டில் இதைப் பார்த்து இன்ஜினே போய்விட்டது என்று கலங்கியிருக்கிறோம்.

4. செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்

இதில்தான் எனக்கு அதிக லாபம் கிடைத்தது: 18 லிட்டரிலிருந்து 16.9. ஒரு பாகமும் வாங்காமல்.

வேகத்தை 100லிருந்து 85க்கு இறக்குங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 85இல் அது 100இல் இருப்பதை விட ஏறக்குறைய 28 சதவீதம் குறைவு. பெட்டி போல் நிமிர்ந்து நிற்கும் வண்டிக்கு இது பெரிய விஷயம். என்3இல் 80இல் போகும் லாரிகளோடு இடது லேனில் போவதில் எந்தக் குறையும் இல்லை.

பயன்படுத்தாத ரூஃப் ராக்கைக் கழற்றுங்கள். ஒரு பயணம் முடிந்து நின்றதும் நான்கு பிரேக் ட்ரம்மையும் தொடாமல் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. என் வண்டியில் இடது பின் சக்கரம் அப்படி இருந்தது. டயரில் காற்று, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மணலில் இறக்கிய காற்றை டார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். பிளக், பாயிண்ட், டைமிங் ஆகியவற்றை ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிடலாம்.

5. டயர்: உயரமும் ஒடுக்கமும்

நான் முதலில் வாங்கியது 265/75 ஆர்16, கரடுமுரடான சேற்று டயர், ஐந்து. உயரம் கூடினால் இன்ஜின் சுற்று குறையும், சுற்று குறைந்தால் பெட்ரோல் குறையும் என்று கணக்குப் போட்டேன். சுற்று குறைந்தது உண்மை. ஆனால் சேற்று டயரின் கட்டை கட்டையான பூ சாலையில் இழுத்துப் பிடிக்கிறது, அகலம் காற்றை அதிகமாக வாங்குகிறது, எடையும் கூடுதல். சுமார் 70 குதிரைத்திறன் உள்ள இன்ஜின் அதைத் தூக்கிக்கொண்டு டவுன் ஹில்லில் நாலாவது கியரில் நிற்க முடியாமல் மூன்றாவதற்கு இறங்கியது. மூன்றாவது கியரில் ஏறும் ஒவ்வொரு மேட்டிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ள ஒரு வழி. டயரின் சுற்றளவை மீட்டரில் எடுங்கள். வேகத்தை 1000ஆல் பெருக்கி, 60ஆல் வகுத்து, சுற்றளவால் வகுங்கள். வருவதை ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஹை ரேஷியோவான 1.148ஆலும் டிஃப் ரேஷியோவாலும் பெருக்குங்கள். அதுதான் நாலாவது கியரில் இன்ஜின் சுற்று. 90 கிலோமீட்டர் வேகத்தில், 4.7 டிஃப்போடு எனக்கு வந்தவை இவை:

205 ஆர்16 (உயரம் ஏறத்தாழ 735 மி.மீ.): சுமார் 3,500
7.00 ஆர்16 (ஏறத்தாழ 780 மி.மீ.): சுமார் 3,300
7.50 ஆர்16 அல்லது 235/85 ஆர்16 (ஏறத்தாழ 805 மி.மீ.): சுமார் 3,200

பாரத்தில் டயர் சற்று அமுங்குவதால் உண்மையான சுற்று இதை விடக் கொஞ்சம் கூடும்.

88 அங்குல பெட்ரோல் வண்டிக்கு என் தேர்வு 7.00 ஆர்16, சாலைக்கான பூ. உயரம் கிடைக்கிறது, அகலம் கூடவில்லை, மேட்டில் நாலாவது கியர் கைவிடவில்லை. 109 அங்குல வண்டி 7.50 அளவில்தான் வந்தது, அதை மாற்ற வேண்டியதில்லை. தோட்டத்துச் சேற்றில் வாரம் முழுவதும் ஓடுகிறவர் சேற்று டயர் போடட்டும். வருடத்தில் இரண்டு முறை சேற்றில் இறங்குகிறவருக்கு அது தேவையே இல்லை.

கடைக்குப் போகுமுன் நான்கு விஷயம்:

ரிம்மின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். 88இன் பழைய ரிம் 5 அங்குலம், 109இனுடையது 5.5. 235/85க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும், லேண்ட் ரோவரே அதற்கு 6.5 கொடுத்தது. கடைக்காரர் "போடலாம் சார், எல்லாரும் போடுறாங்க" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய ரிம்மில் ட்யூப் இல்லாத டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. ட்யூப் போட்டே ஓட்டுங்கள். பழைய ட்யூபைத் திரும்பப் போட வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. இந்த அளவுகள் மெதுவாக விற்பவை, கடையில் வருடக்கணக்கில் கிடக்கும். ஐந்து டயரிலும் அந்த எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

மாட்டிய பின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் உரசினால் சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று நிறுத்தும் லாக் ஸ்டாப் போல்ட்டைச் சரிசெய்ய வேண்டும்.

டயர் மாற்றியதில் மட்டும் எனக்குக் கிடைத்தது 16.9லிருந்து 16.6. அவ்வளவுதான். டயரால் மைலேஜ் இரட்டிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தவறான டயரால் மைலேஜ் கெடும் என்பது மட்டும் நிச்சயம்.

6. கியர்: ஓவர்டிரைவா, 3.54 டிஃப்பா?

உம்கேனி ரோட்டுப் பக்கம் வெகுகாலம் கியர்பாக்ஸ் பிரித்த மாமா ஒருவர் என்னிடம் சொன்னது: "மேட்டுல நாலாவது கியர் நிக்குதா பாரு தம்பி. நிக்கலைன்னா டிஃப்பைத் தொடாதே." அதைக் கேட்குமுன் நான் தொட்டிருந்தேன்.

3.54 டிஃப் பழைய ரேஞ்ச் ரோவரிலும் முதல் டிஸ்கவரியிலும் இருந்து கிடைக்கிறது. ஸ்க்ராப்யார்டில் மலிவு. அதைப் போட்டால் எல்லா கியரிலும் சுற்று நாலில் ஒரு பங்கு குறையும். 90இல் 3,300 ஓடிய இன்ஜின் 2,500 அருகே வரும். ஆனால் எல்லா கியர் என்றால் முதல் கியரும் லோ ரேஞ்சும் (மேட்டுக்கும் சேற்றுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸில் போடும் மெதுவான கியர்) சேர்த்துத்தான். சீரீஸ் 3இல் முதல் கியர் 3.68, லோ 2.35, டிஃப் 4.7. மூன்றையும் பெருக்கினால் 40.6. டிஃப் 3.54 ஆனால் 30.6. லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் 2,800 மீட்டருக்கு மேல் காற்றும் மெலிந்து, கார்புரேட்டரும் திணறி, அந்த 30.6இல் கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டு ஏற வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல். 1,700 மீட்டர் உயரத்தில் இன்ஜின் தன் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை முன்பே இழந்திருக்கிறது. அங்கே உயரமான கியரைப் போட்டால் நாலாவது கியர் அலங்காரத்துக்குத்தான்.

வேண்டும்போது மட்டும் போட்டு இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் யூனிட்டான ஓவர்டிரைவ் அப்படி இல்லை. ஃபேரி நிறுவனம் செய்த பழைய யூனிட்டின் ரேஷியோ 0.782. ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் மாட்டுவது. சமவெளியில் லீவரைப் போட்டால் 3,300 சுற்று 2,600க்கு இறங்குகிறது, மேடு வந்தால் எடுத்துவிடலாம். லோ ரேஞ்ச் தொடப்படாமல் இருக்கிறது. குவாசூலு நட்டால் முழுக்க ஏற்றமும் இறக்கமும். இங்கே இருப்பவருக்கு, வண்டியில் பெரிய இன்ஜின் ஏதும் மாற்றவில்லை என்றால், ஓவர்டிரைவ்தான் என் முடிவு. கரூ சமவெளியில் நேர் ரோட்டில் ஓடுகிறவர், மலையேறாதவர் 3.54ஐ யோசிக்கலாம்.

3.54 தான் வேண்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாக மாற்றுங்கள். எனக்கு வேலை செய்த கராஜ் பின் டிஃப்பை மட்டும் மாற்றிவிட்டு இரண்டும் மாற்றியதாகக் கணக்குக் கொடுத்தது. சாலையில் டூ வீல் டிரைவில் எதுவும் தெரியவில்லை. மழையில் கரும்புத் தோட்டத்துப் பாதையில் ஃபோர் வீல் போட்டபோது முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் என்று இழுத்து, ஸ்டீயரிங் இறுகி, லீவர் திரும்ப வரவில்லை. சேறாக இருந்ததால் கியர் உடையவில்லை, டார் ரோட்டாக இருந்திருந்தால் உடைந்திருக்கும். கராஜிலிருந்து வண்டியை எடுக்குமுன் 2ஆம் படியில் சொன்னபடி இரண்டு ஆக்சிலையும் எண்ணுங்கள்.

வாங்கும் டிஃப்பில் ஆக்சில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் 10 பல் இருக்க வேண்டும். 1990களின் நடுவிலிருந்து வந்தவற்றில் 24 பல், அது சேராது. டிஃப்புக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகத் தேய்ந்தவை, ஒன்றை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ப்ரொப் ஷாஃப்ட் சேரும் ஃபிளாஞ்சையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 109 என்றால் பின்னால் சாலிஸ்பரி என்ற வேறு வகை ஆக்சில் இருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த டிஃப் அதற்குப் பொருந்தாது.

மேலும், ஸ்பீடோமீட்டர் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கிறது. டிஃப்பை மாற்றினால் நீங்கள் 100இல் போகும்போது முள் 75 காட்டும். மீட்டரைத் திருத்தாமல் சாலையில் எடுக்காதீர்கள். ஓவர்டிரைவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

7. பழைய ஓவர்டிரைவ் வாங்கும்போது

ஓடும் வண்டியில் மாட்டியிருப்பதை ஓட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது தானாக நழுவி வெளியே வந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. கழற்றி வைத்ததை வாங்கினால் ஆயில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். உலோகத் துகள் மினுமினுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இது தனக்கென்று கொஞ்சம் ஆயிலை மட்டுமே வைத்திருக்கும் யூனிட். இவற்றில் பாதி கெட்டதே ஆயில் பார்க்காததால்தான். உங்கள் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் இடைக் கியர் தேய்ந்திருந்தால், நல்ல ஓவர்டிரைவும் ஊளையிடும். அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைத்தால், பழைய பாகத்துக்கு சர்வதேச வணிக நிர்வாக ஆணையமான ஐடிஏசியின் இறக்குமதி அனுமதி முதலில் வேண்டும். புதியதற்கு அது வேண்டாம், ஆனால் சுங்கத்தோடு 15 சதவீத வாட் சேரும். விலையைப் பார்த்து மகிழுமுன் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

8. செலவும் காலமும்

நான் கொடுத்தவை: 7.00 ஆர்16 ஐந்து 13,000 ராண்ட், ட்யூப்கள் 1,400, பழைய 5.5 அங்குல ரிம் ஐந்து 2,250, பழைய ஓவர்டிரைவ் 14,000, அதற்குப் பேரிங் 2,200. தேடுவதற்கு நான்கு மாதம், மாட்ட ஒரு வார இறுதி.

ஓவர்டிரைவால் 16.6லிருந்து 15.1 ஆனது. வருடம் 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் 75 லிட்டர் மிச்சம். லிட்டர் 22 ராண்ட் என்று வைத்தால் 1,650 ராண்ட். போட்ட 16,200 திரும்பி வர ஏறத்தாழ பத்து வருடம். மாதாமாதம் நீண்ட பயணம் போகிறவருக்குச் சீக்கிரம் வரும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் எடுக்கிறவர் பணத்துக்காக இதை வாங்க வேண்டாம். இன்ஜின் இரைச்சல் குறைவதும், பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிவதும் வேண்டும் என்றால் வாங்குங்கள். அது கிடைத்ததால்தான் எனக்கு வருத்தம் இல்லை. 4ஆம் படியை மட்டும் செய்தவர், அதாவது ஒரு ராண்டும் செலவழிக்காதவர், வருடம் 55 லிட்டர் மிச்சப்படுத்துவார்.

பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். கடற்கரையை விட உள்நாட்டில் விலை கூடுதல் என்பதால், வான் ரீனன் கணவாய் ஏறி ஹைவெல்ட் மேட்டுநிலத்துக்குப் போகிறவர்கள் டர்பனிலேயே முழு டாங்க் நிரப்பிக்கொள்ளுங்கள்.

9. மாட்டிய பிறகு

டயர் அளவையோ டிஃப்பையோ மாற்றினால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது விபத்து நாளில் நிற்காது. பில்களை ஆர்சி1 நகலோடு ஒரே உறையில் வையுங்கள்.

முதல் 100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். டிஃப் மாற்றியவர்கள் 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, வடித்த ஆயிலில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் பரவாயில்லை. நகத்தால் எடுக்கும் அளவு சில்லு வந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு விற்றவருக்கு அன்றே போன் செய்யுங்கள். ஓவர்டிரைவ் மாட்டியவர்கள் முதல் மாதம் வாரம் ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் அதன் ஆயிலைப் பாருங்கள். அதன் பிறகு ஒரு காலையில் ஹில்டன் வரை அதே பாதையில் போய்வந்து, அதே பம்ப்பில் நிரப்பி, வந்த எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே தேதியோடு எழுதி வையுங்கள்.